பிழையை எங்கே வைப்பது?

மினி-ஐடிஎக்ஸ் வகை மதர்போர்டு 170 மில்லிமீட்டர் சதுரம். அதைக் கேபினெட்டில் பொருத்த நான்கு துளைகள் உண்டு. மூலைக்கு ஒன்றாக, ஒழுங்காக இருப்பதாகத்தான் முதலில் தோன்றும். வெர்னியரை வைத்து அளந்தால்தான் அவற்றில் ஒன்று மற்றவற்றின் வரிசையிலிருந்து 22.86 மி.மீ. தள்ளி நிற்பது தெரியும். மில்லிமீட்டரில் இது ஒட்டாத எண். அங்குலத்தில் சரியாக 0.9. கார்டு செருகும் ஸ்லாட்டுகளின் இடைவெளி 20.32 மி.மீ., அதாவது 0.8 அங்குலம். 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யில் இந்த இடைவெளி முழுதாக ஓர் அங்குலம். 1983-ல் எக்ஸ்.டி. மாடல் வந்தபோது எட்டு ஸ்லாட்டுகளை அதே பெட்டிக்குள் அடக்க, 0.8 அங்குலமாகக் குறுக்கினார்கள். இன்டெல் 1995-ல் ஏ.டி.எக்ஸ். அளவுகளை வகுத்தபோது அந்த இடைவெளி அப்படியே தொடர்ந்தது. தைவானின் வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸும் ஏ.டி.எக்ஸின் துளைகளில் நான்கையே எடுத்துக்கொண்டது. இன்று ஒருவர் வீட்டில் தன் கையால் கேபினெட் செய்ய உட்கார்ந்தால், அவர் போடும் முதல் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று.

இதை நான் தடையாகப் பார்க்கவில்லை. உலகின் எந்த நிறுவனத்து போர்டை வாங்கினாலும் நம் பெட்டியில் உட்காரும் என்ற உறுதியை இந்தப் பழைய எண்கள்தான் தருகின்றன. அந்த நான்கு துளைகளும், பின்பக்கம் யு.எஸ்.பி., நெட்வொர்க் வாய்கள் எட்டிப்பார்க்கும் 158.75-க்கு 44.45 மி.மீ. செவ்வகமும், கார்டைத் திருகி நிறுத்தும் விளிம்பும் சரியாக இருந்தால் போதும். பெட்டியின் உயரம், உருவம், பொருள், நிறம் எல்லாம் செய்கிறவரின் விருப்பம்.

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினி 1976-ல் விற்பனைக்கு வந்தபோது அதற்குப் பெட்டியே கிடையாது. சில்லுகள் பதித்த வெறும் போர்டு ஒன்று கைக்கு வரும். மின்சாரம், கீபோர்டு, திரை, உறை எல்லாம் வாங்கியவர் பாடு. மரத்தில் பெட்டி செய்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே ஆப்பிள்-2 பிளாஸ்டிக் உறையோடு வந்தது, அத்தோடு பெட்டி தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. கடையில் கிடைக்கும் சாதாரண கேபினெட், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகுத் தகட்டை பிரஸ்ஸில் வெட்டி மடித்துச் செய்தது. தகடு மலிவு. அதை வெட்டும் டை மலிவல்ல. அந்தச் செலவை ஆயிரக்கணக்கான பெட்டிகளில் பரப்பினால்தான் கட்டுப்படியாகும். ஒருவருக்கு ஒரே ஒரு பெட்டி என்ற எண்ணமே அந்த வழியில் செல்லாது.

அதைச் செல்லுபடியாக்கியவை மேசைமேல் வைக்கக்கூடிய இரண்டு எந்திரங்கள். ஒன்று வெட்டி எடுக்கிறது, மற்றொன்று அடுக்கிச் சேர்க்கிறது. வெட்டும் சி.என்.சி. எந்திரத்தின் வேர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்ட, எண்களை வைத்தே எந்திரத்தை நகர்த்தலாம் என்று ஜான் பார்சன்ஸ் நினைத்தார். எம்.ஐ.டி. ஆய்வுக்கூடம் அதை வளர்த்தெடுத்து, 1952-ல் எண்களால் இயங்கும் மில்லிங் எந்திரத்தை ஓட்டிக் காட்டியது. பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கும் பிரிண்டரின் கதை 1980-களின் கடைசியில் தொடங்குகிறது. மகளுக்குப் பொம்மைத் தவளை ஒன்றைப் பசைத் துப்பாக்கியால் அடுக்கடுக்காகச் செய்து கொடுத்தார் ஸ்காட் கிரம்ப். அந்த யோசனைக்கு 1989-ல் காப்புரிமை கேட்டார், ஸ்ட்ராட்டசிஸ் என்ற நிறுவனமும் பிறந்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் 2005-ல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பிரிண்டரின் வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. கிரம்பின் காப்புரிமை 2009-ல் காலாவதியானதும் இந்த எந்திரங்கள் வீடுகளுக்குள் வரத் தொடங்கின. பெட்டி வடிவமைப்பிலும் தனியாட்களின் கை ஓங்கியது. என்கேஸ் எம்1, டான் ஏ4 ஆகிய சிறு கேபினெட்டுகள் பெரிய நிறுவனங்களின் வடிவமைப்பு அறையிலிருந்து வரவில்லை. ஆர்வலர்கள் வரைந்து, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, பிறகு தொழிற்சாலைக்கு அனுப்பியவை. இவற்றில் டான் ஏ4 முழு அளவு கிராஃபிக்ஸ் கார்டை 7.2 லிட்டர் கொள்ளளவுக்குள் அடக்கியது.

வீட்டு எந்திரங்கள் இரண்டும் பிழை செய்யும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான பிழையைச் செய்வதில்லை. ஒவ்வொன்றும் எந்தத் திசையில், எவ்வளவு தவறும் என்று தெரிந்துகொண்டு, அந்தத் தவறு யாருக்கும் வலிக்காத இடத்தில் போய் விழும்படி வரைவதுதான் இந்த வேலையின் மூளை. எல்லா அளவையும் துல்லியமாக்கப் பார்ப்பவருக்குப் பெட்டி முடியாது. எதையும் பொருட்படுத்தாதவருக்குக் கார்டு ஸ்லாட்டில் இறங்காது.

எவ்வளவு விலகலாம் என்பதை எண்ணாகவே கணக்கிடலாம். போர்டில் உள்ள துளையின் விட்டம் 3.96 மி.மீ. கேபினெட்டுகளில் வழக்கமாக வரும் 6-32 திருகின் விட்டம் 3.5 மி.மீ. ஆகவே ஒவ்வொரு துளையும் தன் இடத்திலிருந்து எந்தப் பக்கமும் 0.23 மி.மீ. விலகலாம், அதற்குமேல் போனால் திருகு இறங்காது. அதே இடத்தில் 3 மி.மீ. விட்டமுள்ள எம்3 திருகைப் போட்டால் இந்த ஆட்டம் 0.48 மி.மீ. ஆகிறது. ஒரு திருகை மாற்றியதிலேயே கையிருப்பு இரு மடங்கு. எம்3 நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதும், அதற்கான மரை வெட்டும் டேப் எந்தப் பட்டறையிலும் இருப்பதும் கூடுதல் வசதி. வீட்டில் செய்பவர்கள் தயங்காமல் எம்3-க்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கையிருப்பை முதலில் தின்பது மூலைமட்டக் குறை. எந்திரத்தின் இரு அச்சுகளும் ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் இல்லாமல் 0.1 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத சாய்வு அது. மினி-ஐடிஎக்ஸ் போர்டின் துளைகளுக்கு இடைப்பட்ட 157 மி.மீ. தொலைவில் அந்தச் சாய்வு 0.27 மி.மீ. விலகலாக வளர்ந்துவிடும். 6-32 திருகு இரண்டு துளைகளுக்கும் சேர்த்துத் தரும் 0.46 மி.மீ.யில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. நல்ல வேளையாக, இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 300 மி.மீ. சதுரம் ஒன்றின் நான்கு மூலைகளில் சிறு துளைகளை அந்த எந்திரத்திலேயே போட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும். 0.1 பாகைச் சாய்வுக்கு அவற்றின் வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு வரும். நல்ல எஃகு அளவுகோலே அதைக் காட்டிக்கொடுக்கும். சிறிய கோணப் பிழை நீளமான தூரத்தில் பெரிதாகத் தெரிகிறது என்ற எளிய வடிவியலை நம் பக்கம் திருப்பிக்கொள்வது இது.

அடுத்த காவல், ஒன்றுக்கொன்று உறவுள்ள துளைகள் அனைத்தையும் ஒரே செட்டிங்கில் போடுவது. மதர்போர்டு உட்காரும் தட்டை எந்திரத்தில் இறுக்கிய பிறகு, அந்தத் தட்டில் போட வேண்டிய துளைகள் எல்லாம் முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது. கழற்றி மறுபடி இறுக்கினால் தட்டு பழைய இடத்துக்கு வராது. இந்தத் தட்டும் பின்சுவரும்தான் பெட்டியின் ஆதாரம். மீதியெல்லாம் இவற்றிலிருந்து தொங்குபவை. பக்கவாட்டுத் தகடுகளின் துளைகளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகப் போட்டால், ஒரு மில்லிமீட்டர் பிழைகூட அங்கே அமைதியாக அடங்கிவிடும். அது பிழைக்காக ஒதுக்கிய இடம்.

உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. போர்டைத் தட்டிலிருந்து தூக்கி நிறுத்தும், கடைகளில் ஸ்டாண்டாஃப் என்று கேட்டு வாங்கும் பித்தளைத் தாங்கிகள் குறைந்தது 6.35 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அந்த உயரம் மாறினால் செருகிய கிராஃபிக்ஸ் கார்டின் உலோக விளிம்பு பின்சுவரில் உட்காராமல் மேலேறியோ கீழிறங்கியோ நிற்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டுகள் இப்போது சாதாரணம். விளிம்பு ஒழுங்காகத் திருகி நிற்காவிட்டால் அந்த எடை முழுவதும் போர்டின் ஸ்லாட்டில் இறங்கும்.

அலுமினியத்தை வெட்டுவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இங்கே நம் உள்ளுணர்வு நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். புதிதாகத் தொடங்குபவர் எந்திரத்தை மெதுவாக நகர்த்தினால் பத்திரம் என்று நினைப்பார். அலுமினியத்தில் மெதுவாகப் போவதுதான் ஆபத்து. எந்திரத்தில் சுழன்று வெட்டும் கருவியான எண்ட் மில்லின் வெட்டும் விளிம்பு எவ்வளவு கூர்மையானாலும் அதன் நுனி சில மைக்ரான் ஆரமுள்ள சிறு வளைவுதான். சீவலின் தடிமன் அந்த வளைவை விட நன்றாகப் பெரிதாக இருந்தால் விளிம்பு உலோகத்துக்குள் இறங்கி வெட்டும். அதற்குக் கீழே போனால் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. வெட்டும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதியைச் சீவலே எடுத்துக்கொண்டு பறந்துவிடும். தேய்க்கும்போது அப்படி எடுத்துச் செல்ல எதுவும் இல்லை. சூடான அலுமினியம் குழைந்து விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டுகிறது, சீவல் வெளியேறும் பள்ளம் அடைகிறது, எண்ட் மில் முறிகிறது. இவை எல்லாம் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும்.

அதனால்தான் வேகத்தைக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். ஒரே ஒரு வெட்டு விளிம்புள்ள எண்ட் மில் நிமிடத்துக்கு 18,000 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் 0.03 மி.மீ. சீவல் எடுக்க வேண்டும் என்றால், எந்திரம் நிமிடத்துக்கு 540 மி.மீ. நகர வேண்டும். அதே சுற்றில் 100 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் சீவல் ஆறு மைக்ரானுக்குக் கீழே போய்விடும், அதுதான் தேய்ப்பு. விளிம்புகளைக் குறைப்பதும் இதே காரணத்துக்காக. வீட்டு எந்திரங்களில் எண்ட் மில்லைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகமாகத்தான் சுற்றும், நகர்வு வேகத்துக்கோ உச்சவரம்பு உண்டு. விளிம்பு ஒன்றானால் அந்த ஒன்றுக்காவது போதிய சீவல் கிடைக்கும். மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ துளித்துளியாக விட்டால் ஒட்டுவது குறையும். இரண்டும் தீப்பிடிப்பவை என்பதால் அளவோடுதான் விட வேண்டும். கண்ணாடி அணியாமல் பக்கத்தில் நிற்கவே கூடாது.

எந்திரத்தின் விறைப்பு இன்னொரு எல்லை. ஒரு முனையில் பிடித்த கம்பியின் மறுமுனையைத் தள்ளினால் அது வளையும் அளவு, நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். எண்ட் மில்லை, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டிலிருந்து இரண்டு மடங்கு வெளியே நீட்டினால் எட்டு மடங்கு வளையும். 6 மி.மீ. எண்ட் மில்லுக்குப் பதில் 3 மி.மீ. போட்டால் அதே விசைக்குப் பதினாறு மடங்கு. சிறு எந்திரங்களில் சிறிய எண்ட் மில்தான் ஓடும் என்பதால், நீட்டலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறக்கி, சுவரோரத்தில் கடைசியாக ஒரு மெல்லிய வெட்டு விட்டு முடிப்பார்கள். கடைசி வெட்டில் விசை குறைவு, வளைவும் குறைவு. அளவு அங்கேதான் பிறக்கிறது.

வட்டமான கருவி உட்புற மூலையைச் சதுரமாக வெட்ட முடியாது என்பதையும் வரையும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்பக்கச் செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் அரத்தால் எடுத்துவிடலாம், வேலை சிறிதுதான். அங்கே உள்ள பெரிய சிக்கல் வேறு. போர்டோடு வரும் ஐ/ஓ ஷீல்டு என்ற மெல்லிய தகடு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவரில் கவ்விக்கொள்ளும்படி செய்யப்பட்டது. நம் சுவரோ விறைப்புக்காக 3 மி.மீ. ஆகவே செவ்வகத்தைச் சுற்றி உட்பக்கத்தில் 2 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளமாகச் செதுக்கி, விளிம்பை மட்டும் ஒரு மில்லிமீட்டராக மெலிவிக்க வேண்டும். மடிக்கும் எஃகுத் தகட்டில் தானாகக் கிடைத்துவிடும் இந்த விஷயத்துக்குத் தடித்த அலுமினியத்தில் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. மடித்துவிடலாமே என்றால், எந்திர வேலைக்கு அருமையான 6061-டி6 அலுமினியம் இறுக்கமான மடிப்பில் விரிசல் விடும். மடிக்க 5052 நல்லது. வீட்டில் மடிப்பு எந்திரம் இல்லாதவர்கள் தட்டையான தகடுகளை எல்-ஆங்கிளில் திருகிச் சேர்ப்பதே சரி. தட்டைத் தகடுகளை மட்டும் வெளியே லேசரில் வெட்டி வாங்குவதிலும் குறையொன்றும் இல்லை. கோவையிலும் அம்பத்தூரிலும் அதற்கான பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

பிரிண்டரின் பிழை வேறு குணம் கொண்டது. அதில் வட்டத் துளை எப்போதும் சற்றுச் சிறியதாகத்தான் வரும். வரைபடத்தை பிரிண்டருக்குக் கொடுக்கும்போது வட்டம் பல பக்கங்களுள்ள பலகோணமாகிறது. துளைச் சுவரின் ஒவ்வொரு பக்கமும் வட்டத்துக்கு உள்ளே விழும் நாண். 4 மி.மீ. துளையைப் பன்னிரண்டு பக்கங்களாக உடைத்தால் ஆரத்தில் மட்டும் 0.07 மி.மீ. போய்விடும். பக்கங்களைக் கூட்டி இதைச் சரிசெய்யலாம். நாசிலிலிருந்து வளைந்து விழும் இளகிய இழை வளைவின் உட்பக்கமாக இழுபடுவதையும், குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்குவதையும் அப்படிச் சரிசெய்ய முடியாது. அந்த பிரிண்டரில், அந்த இழையில், மாதிரித் துளைகள் சிலவற்றை அச்சிட்டு அளந்து, வித்தியாசத்தை வரைபடத்தில் சேர்ப்பதே வழி. துல்லியம் வேண்டிய துளையைச் சிறியதாக அச்சிட்டுப் பிறகு டிரில்லால் திறப்பது இன்னும் நம்பகமானது.

அச்சிட்ட பாகம் அடுக்குக்கு அடுக்கு பிளந்துகொள்வதைப் பார்த்தவர்கள் பிரிண்டரைக் குறை சொல்வதுண்டு. காரணம் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளில் இருக்கிறது. பாலிமர் என்பது மிக நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் குவியல். அந்தச் சிக்கல்தான் அதன் வலு. ஒரு சங்கிலி நகர வேண்டுமானால், சுற்றிலும் உள்ளவை விட்டுவைத்த குழாய் போன்ற இடைவெளியில் பாம்பு ஊர்வதைப்போலத் தலைப்பக்கமாக நெளிந்துதான் போக முடியும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ழில் தெ ஜென் 1971-ல் விளக்கினார். 1991-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏற்கெனவே ஆறிய அடுக்கின்மேல் சூடான புது அடுக்கு விழும்போது, சந்திப்பில் உள்ள சங்கிலிகள் எல்லையைத் தாண்டி ஊர்ந்து மறுபக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், சூடும் வேண்டும். மெல்லிய இழை சில நொடிகளுக்குள் ஆறிவிடுவதால் ஊர்தல் பாதியில் நின்றுவிடுகிறது. எனவே அடுக்குகளுக்கு இடையே உள்ள ஒட்டு, அடுக்குக்குள் இருக்கும் வலுவை எட்டுவதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் பாகத்தைப் படுக்க வைத்து அச்சிடுவதா, நிறுத்தி அச்சிடுவதா என்ற கேள்விக்கு விடை தானே வரும். இழுவிசை அடுக்குகளின் நீளவாக்கில் ஓட வேண்டும், அவற்றைப் பிரிக்கும் திசையில் ஓடக் கூடாது. எஸ்.எஸ்.டி.யைத் தாங்கும் பிடிப்பை எல் எழுத்து வடிவில் நிறுத்தி அச்சிட்டால் முழங்கை முறியும். பக்கவாட்டில் சாய்த்து அச்சிட்டால் அதே பிளாஸ்டிக் நன்றாகத் தாங்கும். பிளாஸ்டிக்கில் நேரடியாகத் திருகு மரை போடுவதையும் தவிர்க்கலாம். வெளிப்புறம் சொரசொரப்பான பித்தளை மரைக்குழாய்கள் கிடைக்கின்றன. சால்டரிங் அயர்னின் நுனியில் அதை வைத்துத் துளைக்குள் மெல்ல அழுத்தினால், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி அந்தச் சொரசொரப்புக்குள் பாய்ந்து இறுகிக்கொள்ளும். பலமுறை திருகிக் கழற்றினாலும் மரை எளிதில் தேயாது. இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு நன்மை செய்வது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

எந்தப் பிளாஸ்டிக் என்பதை நம் வெயில் தீர்மானிக்கும். எல்லோரும் முதலில் வாங்கும் பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே விறைப்பை இழந்து குழையத் தொடங்கும். பெட்-ஜி சுமார் 80 வரை தாங்கும், ஏ.பி.எஸ். 100-ஐத் தாண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது கேபினெட்டிலிருந்து வெளியேறும் காற்று 50-ஐ நெருங்கலாம். கிராஃபிக்ஸ் கார்டின் பின்தகடு அதற்கும் மேல். 60-ஐ எட்டாவிட்டாலும், அதை நெருங்கிய வெப்பத்தில் தொடர்ந்து எடை தாங்கும் பி.எல்.ஏ. பாகம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்யும். முன்பக்க வலை, கால்கள், வயர் பிடிப்புகள் பி.எல்.ஏ.யில் இருக்கலாம். கார்டின் அருகே வரும் எதுவும் பெட்-ஜி அல்லது ஏ.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். எடை தாங்கும் எலும்புக்கூடு எப்போதும் உலோகமாகவே இருக்க வேண்டும்.

காற்றைப் பற்றிய கணக்கு சுவையானது. பெட்டிக்குள் 350 வாட் வெப்பம் பிறக்கிறது, உள்ளே வந்த காற்று வெளியேறும்போது 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வெப்ப ஏற்புத் திறனையும் 35 டிகிரியில் அதன் அடர்த்தியையும் போட்டுப் பார்த்தால், நொடிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் காற்று ஓட வேண்டும். பெட்டியின் கொள்ளளவே 15 லிட்டர் என்றால், உள்ளிருக்கும் காற்று முழுவதும் நொடிக்கு இரண்டு முறை மாற வேண்டும். தரமான 120 மி.மீ. விசிறி ஒன்று திறந்த வெளியில் அந்த அளவைத் தள்ளும். வலை, தூசி வடிகட்டி, வயர்க் குவியல் எல்லாம் எதிர்த்து நிற்கும் பெட்டிக்குள் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. இரண்டு மூன்று விசிறிகள் தேவைப்படுவது அதனால்தான்.

இங்கேதான் பிரிண்டர் தன் மதிப்பைக் காட்டுகிறது. 4 மி.மீ. துளைகளை 8 மி.மீ. இடைவெளியில், தேன்கூட்டு வரிசையில் தகட்டில் துளைத்தால் மொத்தப் பரப்பில் 23 சதவீதம்தான் திறந்திருக்கும். 5 மி.மீ. துளைகளை 6 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 63 சதவீதம். அதே அளவு காற்று குறுகிய வழியில் போக வேண்டுமானால் வேகம் கூடும், அழுத்த இழப்போ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். இரண்டு வலைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏழெட்டு மடங்கு. நூற்றுக்கணக்கான துளைகளை ஒரு மில்லிமீட்டர் சுவர் மட்டும் விட்டு அலுமினியத்தில் போடுவது மணிக்கணக்கான வேலை. சுவர்கள் கிழியும், பிசிறு எடுத்து மாளாது. பிரிண்டர் அறுகோண வலையை எந்தச் சிரமமும் இல்லாமல் அச்சிட்டுத் தரும். வலைக்கும் விசிறிக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடும் வளையத்தையும் சேர்த்தே அச்சிடலாம், அதனால் இரைச்சல் குறையும். விசிறியின் ஒலித்திறன் அதன் வேகத்தின் ஐந்தாம் மடியை ஒட்டி ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கும். நல்ல வலையின் பலனைக் காதே சொல்லிவிடும்.

முழுப் பெட்டியையும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கணினி ஓடும். ஆனால் உலோகப் பெட்டி செய்யும் இரண்டு வேலைகள் அதில் நடக்காது. ஒன்று பாதுகாப்பு. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் 230 வோல்ட் வருகிறது. அதன் உறை எர்த்தோடு இணைந்திருக்கிறது, அதைத் திருகிய உலோகப் பெட்டியும் அப்படியே. உள்ளே ஏதாவது வயர் கழன்று தகட்டில் பட்டால் மின்சாரம் எர்த் வழியே ஓடி ஃபியூஸைத் துண்டிக்கும். இடம் மிச்சமாகும் என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உறையைத் திறப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இரண்டாவது, ரேடியோ அலைகளை உள்ளேயே அடக்குவது. கணினியின் வேகமான மின்துடிப்புகள் ஒவ்வொன்றும் சிறு ஒலிபரப்பு. யு.எஸ்.பி. 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பி வயர்லெஸ் மவுஸைத் தடுமாற வைக்கும் என்று இன்டெல் 2012-ல் விரிவாக விளக்கியது. அந்த அலையின் நீளம் 125 மி.மீ. உலோகச் சுவரில் ஓட்டையின் பரப்பு அல்ல, அதன் நீளமே முக்கியம். அரை அலைநீளமான 62 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீற்று திறந்திருந்தால், தலைமுடி நுழையாத அளவுக்கு மெல்லியதானாலும் அது ஆன்டெனா. ஆயிரம் சிறு துளைகள் கொண்ட வலையை விட, இரண்டு திருகுகளுக்கு நடுவே சரியாகத் தொடாமல் நிற்கும் ஒரு தகட்டு விளிம்பு அதிகமாகக் கசியவிடும். ஆகவே தகடுகளின் திருகுகளை நெருக்கமாக வைக்க வேண்டும், விளிம்புகள் உண்மையிலேயே உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும்.

அந்தத் தொடுதலைக் கெடுப்பது கடைசி வேலையான அனோடைசிங். சல்ஃப்யூரிக் அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் அலுமினியத்தின் மேற்பரப்பு ஆக்சைடாக மாறும். அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, கொதிநீரில் மூடிவிடுவார்கள். அமிலத்தை வீட்டில் வைத்துக்கொள்வதை விட, இதைத் தொழிலாகச் செய்யும் பட்டறையில் கொடுப்பது நல்லது. பித்தளைத் தாங்கிகளையும் எஃகுத் திருகுகளையும் முன்பே கழற்றிவிட வேண்டும், அமிலத் தொட்டி அவற்றை அரித்துவிடும். ஆக்சைடு பாதி உள்நோக்கியும் பாதி வெளிநோக்கியும் வளர்வதால் 10 மைக்ரான் படலம் ஒவ்வொரு முகத்தையும் 5 மைக்ரான் உயர்த்தும். சாய்ந்த முகங்களுள்ள மரையில் இந்த உயர்வு நான்கு மடங்காகி, துளையை 0.02 மி.மீ. குறுக்கும். திருகு இறுகி நின்றால் டேப்பை ஒருமுறை மறுபடி ஓட்ட வேண்டும்.

அந்த ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அழகாகச் சாயமேற்றிய ஆறு தகடுகளைத் திருகிச் சேர்த்தால், மின்னியல் கணக்கில் அவை ஒன்றையொன்று தொடாத ஆறு தனித்தனித் தகடுகள். ஆகவே வெளியே தெரியாத உட்புற விளிம்புகளில், திருகுத் துளைகளைச் சுற்றி, உப்புத்தாளால் படலத்தைத் தேய்த்து வெள்ளை உலோகம் வரச் செய்ய வேண்டும். திருகுக்கு அடியில் பல் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். பிறகு, மின்சாரம் கொடுக்கும் முன், மல்டிமீட்டரின் ஒரு முனையை எஸ்.எம்.பி.எஸ். பிளக்கின் எர்த் ஊசியில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு தகட்டிலும் தேய்த்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாத் தகடுகளும் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாத தகட்டைக் கழற்றி, அதன் மூலையை இன்னொரு முறை தேய்த்த பிறகே பிளக்கைச் செருகலாம்.